நீலகிரியில் சிறு இணைய நிறுவனத்துக்குச் சூரிய மின்சாரமும் பேட்டரியும்: கடன் முதல் மீட்டர் வரை

இணைய இணைப்பு வழங்கும் கன்ட்ரோல் ரூம், இ-சேவை மையம், பத்து இருபது பேர் அமர்ந்து வேலை பார்க்கும் கணினி அலுவலகம் என நீலகிரியில் ஏதேனும் ஒன்றை நடத்துகிறவர்களுக்கும், இனி நடத்தப் போகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஆடிக் காற்றில் ஒரு கற்பூர மரம் (யூகலிப்டஸ்) மின்கம்பியில் சாய்ந்தால் பாதி நாள் மின்சாரம் இருக்காது. டீசல் ஜெனரேட்டரை நம்பினால் லாபம் முழுவதும் அதன் தொட்டிக்குள் போகும். கோத்தகிரியில் ஒரு கன்ட்ரோல் ரூமை நடத்தும் நான், வங்கி, மின்வாரியப் பிரிவு அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், கோவை விற்பனையாளர்கள் என்று பல மாதங்கள் அலைந்த பிறகுதான் இந்த வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது என்பது புரிந்தது. விற்பனையாளர்கள் பேனலில் பேச்சைத் தொடங்கி, பேட்டரியைக் கூடுதல் வசதியாகச் சேர்த்து, ஆவணங்களைக் கடைசியில் கேட்பார்கள். மலையில் அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் உங்கள் சுமை, அடுத்து ஆவணம், பிறகு பேட்டரி, கடைசியில் பேனல்.

1. சுமையை அளந்து எழுதுங்கள்

மின் கட்டண அட்டையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் இரண்டு மாத மொத்தம்தான் இருக்கும். எந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பது இருக்காது. பிளக்கில் மாட்டும் சிறிய மின் அளவி ஒன்றை வாங்கி, அல்லது எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் இருந்தால் அதைக் கொண்டு, ஒவ்வொரு கருவியும் பகலிலும் இரவிலும் இழுக்கும் வாட்டை ஒரு வாரம் குறித்து வையுங்கள். இரவும் பகலும் ஓயாமல் 900 வாட் இழுக்கும் ஒரு கன்ட்ரோல் ரூம், நாளொன்றுக்கு 21.6 யூனிட் செலவழிக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் இதே எடுத்துக்காட்டைத் தொடர்கிறேன்.

அளந்த பிறகு குறைக்கப் பாருங்கள். வாடிக்கையாளர்களுக்கு ஃபைபர் வழியாக இணையத்தைப் பிரித்து அனுப்பும் ஓ.எல்.டி. பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், பல மாடல்களில் 48 வோல்ட் டி.சி. இணைப்புக்கான முனை தனியாக இருக்கும். தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு அதுதான் இயல்பான மின்சாரம். 48 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக அதற்குக் கொடுத்தால், டி.சி.யை ஏ.சி.யாக்கி, அந்த ஏ.சி.யை மறுபடி டி.சி.யாக்கும்போது வீணாகும் மின்சாரம் மிச்சமாகும். கருவியின் கையேட்டில் மின்னழுத்த வரம்பையும், நேர்மின், எதிர்மின் முனைகளில் எது தரையிணைப்புக்கு உரியது என்பதையும் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். பழைய மேசைக் கணினிகளுக்குப் பதில் மடிக்கணினியோ சிறு கணினியோ வைத்தால், அலுவலகத்தின் சுமை பாதிக்கும் கீழே இறங்கும். சமவெளியில் கருவி அறைக்குக் குளிர்சாதனம் தவிர்க்க முடியாதது. உதகை, குன்னூர், கோத்தகிரியில் வலை அடித்த காற்றுத் துளையும் ஒரு எக்ஸாஸ்ட் மின்விசிறியும் பெரும்பாலும் போதும். மலையில் தொழில் நடத்துவதன் உண்மையான சலுகை இது. ஒவ்வொரு 100 வாட் குறைந்தாலும் பேட்டரியிலும் கடனிலும் சேர்ந்தே குறைகிறது.

2. இடம், பட்டா, மின் இணைப்பு: ஆவணங்களை முதலில் முடியுங்கள்

விண்ணப்பங்கள் பெரும்பாலும் நின்றுபோவது இந்தப் படியில்தான். கருவி வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன் கீழ்க்கண்ட ஒவ்வொன்றையும் கையில் வைத்திருங்கள்.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? வாங்கும் மின்சாரத்தையும் வெளியே கொடுக்கும் மின்சாரத்தையும் தனித்தனியாக அளக்கும் இருவழி மீட்டருக்கு விண்ணப்பிக்கும் உரிமை இணைப்பு எவர் பெயரில் இருக்கிறதோ அவருக்கே. தாத்தா பெயரில் இருக்கும் இணைப்பில் பேரன் விண்ணப்பித்தால் முதல் மேசையிலேயே திரும்பி வரும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வாரிசுச் சான்று தேவைப்பட்டால் அதற்கே சில வாரங்கள் ஆகும்.

அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு? கடை இணைப்புகள் பல 2 அல்லது 3 கிலோவாட்டுக்கே வாங்கப்பட்டிருக்கும். மின்கட்டமைப்போடு இணையும் சூரிய மின் அமைப்பின் அளவு அந்தச் சுமையைத் தாண்டக் கூடாது என்பதால், 5 கிலோவாட் வேண்டுமானால் சுமையை உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்தினால் நிலைக்கட்டணமும் கூடும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

எந்த மின்கட்டண வீதப்பட்டியில் இருக்கிறீர்கள்? ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் மையம் போன்றவை வணிக வீதப்பட்டியில் வரும். அங்கே இரண்டு மாதத்தில் 100 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் விலை 10 ரூபாயைக் கடக்கிறது. மாநில அரசின் தகவல் தொழில்நுட்பக் கொள்கையில் வரையறுக்கப்பட்ட சேவை நிறுவனங்களுக்கு, தாழ்வழுத்த இணைப்பில் தொழில் வீதப்பட்டியான மூன்று-பி பொருந்தும். மென்பொருள் வேலை செய்யும் நிறுவனம் வணிக வீதத்தில் கட்டிக்கொண்டிருந்தால், சூரிய மின்சாரத்துக்கு முன் அதை மாற்றக் கேட்பதே லாபம். அதற்கு ஒரு விண்ணப்பமும் சான்றுகளும்தான் செலவு.

பட்டா யாருடையது? படகர் ஊர்களான ஹட்டிகளில் கூட்டுப் பட்டா சாதாரணம். பங்காளிகள் அனைவரின் சம்மதக் கடிதமும் இல்லாமல் வங்கி அந்த இடத்தைப் பிணையாக ஏற்காது. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் இடம் எடுக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின் கீழ் வரும் நிலங்களுக்குப் பட்டா கிடையாது. அங்கே மின் இணைப்பே பெரிய சிக்கலாக இருந்து வந்திருக்கிறது. வாடகை குறைவு என்பதற்காக அப்படி ஒரு கட்டடத்தில் கருவிகளை இறக்கிவிட்டால், கடனும் கிடைக்காது, மீட்டரும் மாறாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலத்தின் வகைப்பாட்டைக் கேட்டு எழுதி வாங்கிய பிறகே ஒப்பந்தம் போடுங்கள்.

வாடகை இடமா? பதினொரு மாத ஒப்பந்தத்தைக் காட்டி ஐந்தாண்டுக் கடன் கேட்டால் எந்த மேலாளரும் கொடுக்க மாட்டார். கடன் காலத்தைவிட ஓராண்டாவது கூடுதலாக இருக்கும் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். கூரையைப் பயன்படுத்தும் உரிமையும், இடத்தைக் காலி செய்யும்போது பேனல்களைக் கழற்றிக்கொண்டு போகும் உரிமையும் அதில் தனி வரிகளாக இருக்க வேண்டும். நகராட்சிக் கடைகளில் இருப்பவர்களுக்குக் கூரை நகராட்சியுடையது; எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் பேட்டரியோடு மட்டும் நிறுத்திக்கொள்வது நல்லது.

கட்டட அனுமதி இருக்கிறதா? மலைப்பகுதிக் கட்டட விதிகள் கடுமையானவை. அனுமதியற்ற கட்டடங்கள் முத்திரையிடப்பட்ட செய்தியை இங்கே எல்லோரும் படித்திருப்போம். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகல் ஒன்று வேண்டும். கூரைக்கு மேல் உயரமாகச் சட்டம் எழுப்பிப் பேனல் வைக்கும் யோசனை இருந்தால், உயரக் கட்டுப்பாட்டில் இடிக்குமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முன்பே கேளுங்கள்.

நிழல் தரும் மரத்தை வெட்டலாம் என்ற எண்ணத்தில் திட்டம் போட வேண்டாம். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி மரம் வெட்டுவதற்கு அனுமதி வேண்டும். சொந்த நிலத்தில் நிற்கும் மரத்துக்கும் அதுவே விதி. மரம் நிற்கட்டும் என்று வைத்துக்கொண்டு பேனலின் இடத்தைத் தேடுங்கள்.

3. பேட்டரியை முதலில் முடிவு செய்யுங்கள்

மின்கட்டமைப்போடு மட்டும் இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், மின்சாரம் போன கணமே தானும் நின்றுவிடும். கம்பியில் ஏறி வேலை செய்யும் மின் ஊழியரின் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது. ஆகவே பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் போட்டால், நல்ல வெயிலில் மின்தடை வந்தாலும் உங்கள் கன்ட்ரோல் ரூம் இருட்டில்தான் இருக்கும். விலை குறைந்த கோட்டேஷன் என்று வருவது பெரும்பாலும் இந்த வகைதான். நமக்குத் தேவை, பேனல், பேட்டரி, மின்கட்டமைப்பு மூன்றோடும் இணைந்து மின்தடையிலும் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர்.

பேட்டரியின் அளவுக்கு ஒரு எளிய கணக்கு: 900 வாட் சுமை 8 மணி நேரம் ஓட வேண்டுமானால் 7.2 யூனிட் வேண்டும். பேட்டரியை முழுவதும் வடித்துவிடாமல் 80 சதவீதம் வரையே பயன்படுத்துவோம். இன்வெர்ட்டரில் ஏறக்குறைய 10 சதவீதம் வீணாகும். இவற்றையும் சேர்த்தால் 10 யூனிட் கொள்ளளவு வருகிறது. சந்தையில் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று விற்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் இரண்டை இணைத்தால் சரியாக இருக்கும். பந்தலூர், சேரம்பாடி, தேவர்சோலை பக்கம் இருப்பவர்கள் தென்மேற்குப் பருவமழையை மனத்தில் வைத்து, இன்னும் ஒன்றைச் சேர்ப்பது நல்லது.

லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜை நிறுத்திவிடும். தலைகுந்தா, காந்தல் போன்று டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடங்களில் பேட்டரியை வெளி வராந்தாவிலோ தகரக் கொட்டகையிலோ வைக்க வேண்டாம். கருவிகளின் சூடு இருக்கும் அறையிலேயே, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள்.

ஹைப்ரிட் இன்வெர்ட்டரின் அமைப்புப் பட்டியலில், மின்தடைக்காகப் பேட்டரியில் எத்தனை சதவீதம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற ஒரு வரி இருக்கும். நிறுவ வருகிறவர் பெரும்பாலும் 20 சதவீதத்தில் விட்டுச் செல்வார். அப்படி விட்டால், தினமும் இரவு பேட்டரி சேமித்ததைச் செலவழித்துவிடும். விடிகாலையில் மரம் விழுந்தால் கையில் ஒன்றும் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் 50 சதவீதமும், ஜூன் முதல் டிசம்பர் வரை 80 சதவீதத்துக்குக் குறையாமலும் வைக்கச் சொல்வேன்.

4. பேனல், இன்வெர்ட்டர்: சமவெளிக் கணக்கை மலைக்கு ஏற்ற வேண்டாம்

கோவையில் போடும் கணக்கு, ஒரு கிலோவாட் பேனலுக்கு நாளுக்கு 4 யூனிட். இங்கே ஆண்டுச் சராசரியாக 3 என்று வைத்துக் கணக்கிடுகிறேன். மழை மாதங்களில் அதுவும் குறையும். உலக வங்கியின் உலகச் சூரிய வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் கூரையின் மேல் புள்ளியை வைத்தால் மாதவாரியாக மதிப்பீடு தரும். பக்கத்து மலை மறைக்கும் நேரத்தையும் மரநிழலையும் நீங்களே காலை 8, பகல் 12, மாலை 4 மணிக்குக் கூரையில் நின்று பார்த்து, அந்த மதிப்பீட்டில் கழிக்க வேண்டும். நீலகிரி ஒரே மழை பெறும் மாவட்டம் இல்லை: கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

குளிர் பேனலுக்கு நல்லது. வெப்பம் குறையக் குறைய உற்பத்தித் திறன் கூடுகிறது. கூடவே மின்னழுத்தமும் கூடுகிறது என்பதைச் சமவெளி வடிவமைப்பாளர்கள் பலர் கவனிப்பதில்லை. ஒரு பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம் 49.5 வோல்ட் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். அது 25 டிகிரியில் அளந்தது. பத்துப் பேனலைத் தொடராக இணைத்தால் 495 வோல்ட். இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 500 என்றால், காகிதத்தில் சரியாகவே தெரியும். உறைபனிக் காலையில் வெப்பம் சுழியத்தைத் தொடும்போது, டிகிரிக்கு 0.27 சதவீதம் என்ற கணக்கில், அதே தொடர் 528 வோல்ட்டை எட்டும். இன்வெர்ட்டர் பழுதாகும், வரம்பு மீறிய பதிவு அதன் நினைவகத்தில் இருப்பதால் உத்தரவாதமும் போகும். கோட்டேஷனில் “மிகக் குறைந்த வெப்பநிலை” என்று எந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். 15 என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

உயரமும் ஒரு கணக்கு. இன்வெர்ட்டர்கள் பலவற்றின் முழுத் திறன் 2,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். அதற்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் சூடு தணியாமல் திறன் குறையும். உதகை ஏறக்குறைய 2,240 மீட்டரில் இருக்கிறது. உதகையில் நிறுவுகிறவர்கள் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் உயர வரம்பைப் பார்த்து, தேவையானால் ஒரு படி பெரிய இன்வெர்ட்டரை எடுக்க வேண்டும்.

தகரக் கூரையில் பேனலின் எடையைவிட அதைத் தூக்கும் காற்றே ஆபத்து. சட்டத்தைத் தகரத்தோடு மட்டும் பிணைக்காமல், அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்திலோ மரச்சட்டத்திலோ துளையிட்டுப் பிணைக்க வேண்டும். துளைகளில் ரப்பர் வளையமும் பசையும் சரியாக இல்லாவிட்டால் முதல் மழையில் கருவியின் மேலேயே ஒழுகும். துத்தநாகப் பூச்சு உள்ள இரும்புச் சட்டம், துருப்பிடிக்காத எஃகு நட்டு போல்ட்டு என்று கோட்டேஷனில் எழுதி வாங்குங்கள். குரங்குகள் தொங்கும் வயரைப் பிடித்து இழுக்கும். ஆகவே பேனலுக்கு அடியில் ஓடும் வயர் முழுவதும் குழாய்க்குள் இருக்க வேண்டும். பேனல் பக்கம், ஏ.சி. பக்கம், இடிதாங்கி ஆகியவற்றுக்குத் தனித்தனி எர்த் குழி தோண்டச் சொல்லுங்கள். பாறைத் தரையில் ஒரே குழியில் மூன்றையும் முடித்துவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. சித்திரை மாத இடிமழையில் அதன் விளைவு தெரியும்.

5. கோட்டேஷன், வரி, மொத்தச் செலவு

மூன்று பேரிடமாவது கோட்டேஷன் வாங்குங்கள். அவற்றில் ஒருவராவது நீலகிரியில் ஏற்கெனவே நிறுவியவராக இருக்கட்டும். நிறுவிய இடத்துக்குப் போய், மழைக்காலத்தில் பழுது வந்தபோது ஆள் வந்தாரா என்று அங்கேயே கேளுங்கள். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்பார்கள். அதைவிட இன்வெர்ட்டரின் உத்தரவாதமும், சேவைக்கு மலைக்கு ஏறி வரும் செலவு யாருடையது என்பதும் முக்கியம்.

வரி விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின் சாதனங்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பொருளும் நிறுவும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் மதிப்பின் 70 சதவீதம் பொருளாகவும் 30 சதவீதம் சேவையாகவும் கொள்ளப்படுவதால், மொத்தத்தில் 8.9 சதவீதம் வரும். பழைய 13.8 சதவீதத்தையே போட்டிருக்கும் கோட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். தனியாக வாங்கும் லித்தியம் பேட்டரிக்கு 18 சதவீதம். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற, ரசீது நிறுவனத்தின் பெயரிலும் எண்ணிலும் இருக்க வேண்டும்.

நமது எடுத்துக்காட்டில் 5 கிலோவாட் பேனல், ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 10 யூனிட் பேட்டரி, எர்த், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் கைப்பணம் போட்டு, 4 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 8,700 ரூபாய். நாளுக்கு 13 யூனிட்டை நீங்களே பயன்படுத்தினால் மின்கட்டணத்தில் மாதம் 4,000 ரூபாய் அளவுக்கு மிச்சம். மாதம் 40 மணி நேரம் மின்தடை இருக்கும் இடத்தில், குறைந்த சுமையில் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும் சிறு ஜெனரேட்டரை நிறுத்தினால் இன்னும் 3,600 ரூபாய்க்கு மேல். ஆக, தவணையில் பெரும்பகுதி வந்துவிடுகிறது, முழுவதும் வராது. மீதியை ஈடுகட்டுவது வருமான வரித் தேய்மானம்: சூரிய மின் சாதனங்களுக்கு முதலாண்டில் 40 சதவீதம் கழிக்கலாம், அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அதில் பாதிதான். உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு இது தனியாகக் கிடைக்காது. “மூன்றே ஆண்டில் முதல் திரும்பிவிடும்” என்று சொல்லும் விற்பனையாளரிடம் இந்தக் கணக்கை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

6. பணம் எங்கே கிடைக்கும்

முதலில் ஒரு தெளிவு. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் மானியம், அதாவது முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய், வீட்டு இணைப்புகளுக்கு மட்டும். வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை செய்கிறவர்கள் தங்கள் வீட்டு இணைப்பில் அதைப் பெறலாம். 3 கிலோவாட் வரை பிணையில்லாக் குறைந்த வட்டிக் கடனும் உண்டு. அந்தத் திட்டத்தில் உள்நாட்டில் செய்த செல்களைக் கொண்ட பேனலே செல்லும். வணிக இணைப்புக்கும் அதே மானியம் வாங்கித் தருகிறேன் என்று சொல்கிறவரை அன்றே விட்டு விலகுங்கள்.

புதிதாக நிறுவனம் தொடங்குகிறவர்கள் உதகையில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு மானியம் உண்டு. மலைப்பகுதி சிறப்புப் பிரிவில் வருவதால் ஊரகத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம். பெரிய திட்டமானால் மாநில அரசின் நீட்ஸ் திட்டம்: 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம், கூடவே 3 சதவீத வட்டிச் சலுகை. இவை புதிய நிறுவனத்துக்கான திட்டங்கள் என்பதால், பேனலையும் பேட்டரியையும் தொடக்கத் திட்ட அறிக்கையிலேயே இயந்திரச் செலவாக எழுத வேண்டும். பிறகு சேர்க்க இடமிருக்காது. மானியத் தொகை வங்கியில் வைப்பாக இருந்து பிற்பாடே கணக்கில் சேரும். அதை நம்பி விற்பனையாளருக்குத் தேதி கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே நடக்கும் நிறுவனத்துக்கு வங்கிக் கடன்தான் வழி. தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்திலும் கேட்கலாம். சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இல்லாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள். அது இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். சிறு, குறு நிறுவனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கடன் உத்தரவாத நிதியின் கீழ் அதைக் கொடுக்க முடியும். கிளையில் வேறு விதமாகச் சொன்னால், பணிவாக, எழுத்தில் கேளுங்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்குக் கொடுக்கும் கடன் முன்னுரிமைத் துறைக் கணக்கில் சேரும் என்பதையும் மேலாளரிடம் நினைவூட்டலாம். அது அவருடைய இலக்குக்கும் உதவும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: உத்யம் சான்று, பான், ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல், இரண்டு அல்லது மூன்று ஆண்டு வருமான வரித் தாக்கல், ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம், ஓராண்டுக்கான ஆறு மின்கட்டண ரசீதுகள், ஓராண்டு டீசல் ரசீதுகள், பட்டா அல்லது பதிவு செய்த குத்தகை, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, விற்பனையாளரின் ப்ரொஃபார்மா இன்வாய்ஸ், ஒற்றைக் கோட்டு மின் வரைபடம், கூரை தாங்கும் என்று பொறியாளர் கொடுத்த சான்று. டீசல் ரசீதை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாகவே வையுங்கள். கடனைத் திருப்பும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. மாதச் செலவைச் சில்லறையாகக் கொடுத்து ரசீது வாங்காமல் இருப்பவர்கள் இன்றிலிருந்து வாங்கத் தொடங்குங்கள்.

பணம் கொடுப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும்: ஆர்டரோடு ஒரு பங்கு, பொருள் கூரைக்கு வந்த பின் பெரும்பங்கு, இருவழி மீட்டர் பொருத்திய பின் 10 சதவீதம். வங்கி முழுத் தொகையையும் ஒரே தவணையில் விற்பனையாளருக்கு அனுப்பத் தயாராக இருக்கும். அப்படிச் செய்ய வேண்டாம் என்று கடிதம் கொடுங்கள்.

7. மின்வாரியத்தில் விண்ணப்பம்

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, ஒப்புகையை அச்சிட்டுப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் நேரில் ஒரு பிரதி கொடுங்கள். மத்திய அரசு 2024-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான அமைப்புக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. அதற்கு மேல் போனால் ஆய்வும், அளவைப் பொறுத்து மின் ஆய்வுத் துறையின் பாதுகாப்புச் சான்றும் சேர்ந்து மாதங்கள் கூடும். சிறு நிறுவனங்கள் 10 கிலோவாட்டுக்குள் நிற்பதே புத்திசாலித்தனம்.

வீட்டு இணைப்பில் வெளியே போகும் யூனிட், வாங்கும் யூனிட்டோடு நேருக்கு நேர் கழிக்கப்படும். வணிக இணைப்பில் அப்படி இல்லை. வெளியே போகும் யூனிட்டுக்கு, நீங்கள் வாங்கும் விலையைவிட மிகக் குறைந்த விலையே வரவு வைக்கப்படும். ஆகவே பெரிதாகப் போட்டு வாரியத்துக்கு விற்கலாம் என்ற திட்டம் நமக்கு உதவாது. இரவும் பகலும் ஒரே சீராக ஓடும் இணையக் கருவிகள், உற்பத்தியாகும் மின்சாரத்தை அங்கேயே தின்றுவிடும் என்பதுதான் நம் தொழிலுக்குச் சாதகம்.

இருவழி மீட்டர் பொருத்தும் வரை மின்சாரம் வெளியே போகாதபடி இன்வெர்ட்டரில் அடைத்து வையுங்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டர்கள் பல, வெளியே போவதையும் உபயோகமாகவே பதிவு செய்யும். நீங்கள் கொடுத்த மின்சாரத்துக்கு நீங்களே பணம் கட்ட நேரும்.

8. காலமும் மலைப்பாதையும்

கூரை வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மே நடுப்பகுதி வரை. அதைப் பிடிக்க வேண்டுமானால், பெயர் மாற்றம், குத்தகைப் பதிவு போன்றவற்றை ஆகஸ்டிலும், வங்கிக் கோப்பை அக்டோபரிலும் தொடங்க வேண்டும். ஏப்ரல், மே சீசனில் மலைப்பாதைகள் ஒருவழியாக மாற்றப்படும். லாரி வாடகையும் ஆள் கூலியும் ஏறும். வெளிமாவட்டத்திலிருந்து காரில் வரும் நிறுவும் ஆட்களுக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி அது நடைமுறையில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பேனல் ஏற்றிய வண்டி கீழேயே நிற்கும். வரும் வழியில் கண்ணாடி உடைந்தால், கூரையில் வந்து சேரும் வரை அது விற்பனையாளரின் பொறுப்பு என்று ஆர்டரில் எழுதுங்கள். வண்டி நிற்கும் சாலையிலிருந்து கூரை வரை தலைச்சுமையாகத் தூக்கும் கூலியும் அதே ஆர்டரில் இருக்கட்டும். ஒவ்வொரு பேனலும் 25 கிலோவுக்கு மேல் இருக்கும்.

9. நிறுவிய நாளிலும் அதன் பிறகும்

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், விற்பனையாளரின் ஆள் முன்னிலையில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். கருவிகள் ஒரு நொடிகூடத் துண்டிக்கப்படாமல் ஓடுகின்றனவா, பேட்டரி சொன்ன நேரம் தாங்குகிறதா என்று ஒரு முழுச் சுழற்சியைப் பாருங்கள். எர்த் குழிகளின் மின்தடை அளவையும், ஒவ்வொரு தொடரின் மின்னழுத்தத்தையும், பேனல்களின் வரிசை எண்களையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் கேட்கும்போது இந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

காப்பீட்டில் தீ, புயல் என்று மட்டும் இருந்தால் போதாது. நிலச்சரிவும் இடியும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். மஞ்சு தங்கும் இடங்களில் பேனலின் கீழ் விளிம்பில் பாசி படியும். மழைக்காலம் முடிந்ததும் மென்துணியும் தண்ணீரும் கொண்டு விடிகாலையில் துடைக்க வேண்டும், சோப்புத் தூள் வேண்டாம். பழைய ஈய பேட்டரிகளை எடைக்குப் போடாமல், விற்பனையாளரிடமே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

ஜெனரேட்டரை உடனே விற்றுவிட வேண்டாம். ஒரு தென்மேற்குப் பருவத்தையும் ஒரு வடகிழக்குப் பருவத்தையும் புதிய அமைப்பு தாண்டும் வரை அதை வாரம் ஒருமுறை ஓட்டி வையுங்கள். அந்த ஓராண்டில் அது எத்தனை மணி நேரம் தேவைப்பட்டது என்ற குறிப்பு, கூடுதல் பேட்டரிக்காக வங்கிக்குப் போகும்போது கோப்பின் முதல் தாளாக இருக்கும்.